கிழக்கு வாசலில் ஒரு பச்சை வண்டி

நாற்பத்தொன்பது இலையுதிர் காலங்களாக வெர்லின் ஜெலினெக் தன் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தி வருகிறார். பெல்னாப் சதுப்பின் கிழக்கு வாசலில், அரசாங்கத்தின் மஞ்சள் பலகைக்கு நேர் கீழே, சாலையில் போகிற எவர் கண்ணிலும் படும்படி அந்தப் பச்சை பிக்கப் நிற்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கையுறையும் பாதி குடித்த காபியும் இருக்கும். ஆள் இப்போதுதான் இறங்கி எதிரே இருக்கிற புதருக்குள் போனார் என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும். அவர் போவது மேற்கே. சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, சதுப்பைப் பாதி வட்டம் சுற்றி, எதிர்ப்பக்கம் போய் நுழைவார். நடுவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் அப்படியே உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டத் தொடங்கிவிடுவார். அவருடைய பூட்ஸுக்குக் கயிறு கிடையாது. அது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்.

"மேற்கு வாசல்லயே நிறுத்தலாம். கிட்டத்தான். ஆனா அப்புறம் ஊரே எம் பின்னால நடக்குமே" என்பார்.

பெல்னாப் சதுப்பு எல்லோருக்கும் சொந்தம். உரிமச் சீட்டு வாங்கிய யாரும் அங்கே மீன் பிடிக்கலாம், வாத்து சுடலாம், மானுக்கு அம்பு விடலாம். வேலி கிடையாது, பூட்டு கிடையாது. அதனாலேயே அங்கே ஓர் இடத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ள ஒரே வழி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். சதுப்பை ஒட்டிய கார்வெல் ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. யாரிடமும் சம்பளம் கேட்கலாம், மூலவியாதி எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். மான் எங்கே பார்த்தாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் வரும், அந்தப் பொய்யை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வெர்லின் முப்பத்தைந்து வருடம் பால் லாரி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய்க் குளிர்ந்த பாலைக் குழாய் வழியே உறிஞ்சிக்கொண்டு சீஸ் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்கும் வேலை. அந்த வேலையில் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் ஓய்வூதியம் அல்ல. விடியற்காலையில் எந்த வயலில் எத்தனை மான் நிற்கிறது, எந்த வேலியைத் தாண்டுகிறது, சோளம் அறுத்த பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று உயரமான இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். இப்போது அந்தப் பண்ணைகளில் பாதி இல்லை. கொட்டகைகள் கூரை சரிந்து நிற்கின்றன, பால் தொட்டிகளில் யாரோ செடி வளர்க்கிறார்கள். வெர்லின் அந்தச் சாலைகளில் போகும்போது இன்றைக்கும் பழைய வாசல்களில் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

ஆகஸ்ட் பாதி தாண்டியதும் அவர் வேறு ஆளாகிவிடுவார். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. வாசனை சோப் குளியலறையை விட்டுப் போய்விடும். வேட்டைச் சட்டைகள் கொடியில் நாள்கணக்காகக் காய்ந்து, பிறகு காய்ந்த இலைகள் நிரப்பிய பையில் போய்ப் படுத்துக்கொள்ளும். மனைவி ஆர்டிஸ் இதையெல்லாம் மழைக்காலம் வருவதுபோல் எடுத்துக்கொள்கிறார். "செப்டம்பர்ல எம் புருஷன் மேல ஒரு வாசனையும் இருக்காது. அந்த ரெண்டு மாசம் எனக்கே அவனக் கண்டுபிடிக்க முடியாது" என்று தேவாலயத்துப் பெண்களிடம் சொல்வார்.

முன்கூட்டியே இடம் பார்த்துவரப் போகும்போது அவர் கையில் எப்போதும் ஒரு தூண்டில் இருக்கும். தூண்டில் வைத்திருக்கிறவனை எவரும் சந்தேகிப்பதில்லை என்பது அவர் கணக்கு. அதோடு அது சும்மா வேஷமும் அல்ல. ஒரே நடையில் இரண்டு வேலை. கால்வாய் ஆற்றில் கலக்கிற முனையில் புழு கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், பைக் என்கிற நீள்வாய் மீன்கள் இந்த வருடம் எங்கே ஒதுங்கியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். மிதவையைப் பார்த்துக்கொண்டே காதை மட்டும் பின்னால் வைத்திருப்பார். சம்பங்கோரைக்குள் ஒரு குளம்பு சேற்றிலிருந்து பிடுங்கி வருகிற சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்கும். ஈரச்சாக்கு மூடிய வாளியில் அரை டஜன் மீன் துள்ளிக்கொண்டிருக்க, எதிரே வருகிற ஆளிடம், "ஒண்ணுமே இல்லப்பா, பாசிதான்" என்று வருத்தமாகத் தலையசைப்பார்.

சட்டைப் பையில் ஒரு காய்ந்த காய் இருக்கும். நம் எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கைபோல் ஒரு பால்செடி அந்தச் சதுப்போரம் நிறைய வளர்கிறது. அதன் காயைப் பிளந்தால் வெள்ளைப் பஞ்சு. ஓர் இழை எடுத்து விட்டால் அது மிதந்து போகும். தன் வாசனை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு அது. கடையில் இதற்கென்று ஒரு பொடி விற்கிறார்கள். "பொடி ரெண்டடி போய்க் காணாமப் போயிடும். இது அந்த வளைவு வரைக்கும் போய், அங்க திரும்புதா பாரு" என்று பஞ்சின் பின்னாலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார், பட்டம் விட்டவர்போல.

மான்களின் தடங்களைவிட அவர் கவனமாகப் படிப்பது மனிதர்களின் தடங்களை. சேற்றில் புது பூட்ஸ் அச்சு, மிட்டாய்க் காகிதம், வழி தெரிவதற்காக மரத்தில் குத்திவைத்த மின்னும் குண்டூசிகள். மற்றவர்கள் குத்திய ஊசியை அவர் தொட்டதில்லை. ஆனால் ஒரு வருடம் தாமே ஒரு பெட்டி வாங்கி, மேற்கு வாசலிலிருந்து அழகாக ஒரு வரிசை குத்திக்கொண்டே போய், ஆளுயரக் காஞ்சொறிப் புதரின் நடுவில் முடித்துவிட்டு வந்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஆர்டிஸும் தேவாலயத்துப் பெண்களும் ஊருக்குப் பரிமாறுகிற மீன் வறுவலுக்கு ராய்ஸ் டாலஃப்சன் முழங்கை வரை களிம்பு பூசிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா கையில?" என்றார் வெர்லின்.

"ஒண்ணுமில்ல. பூனை பிராண்டிடுச்சு."

"நீ பூனை வளக்கறியா?"

"நேத்திலேர்ந்து."

ராய்ஸ் டாலஃப்சன் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். இருவரும் ஒரே வயது, ஒரே சாலைகள். குளிர்காலக் காலைகளில் ராய்ஸ் தள்ளிய வழியில்தான் வெர்லினின் பால் லாரி போகும். "நான் இல்லேன்னா ஒம் பாலு லாரியிலேயே சீஸ் ஆயிருக்கும்" என்று ராய்ஸ் சொல்வார். "நீ தள்ளின பனியெல்லாம் எங்க பண்ணைக்காரன் வாசல்லதான் குவிஞ்சு கெடக்கும், அத யாரு தள்ளுவா?" என்று வெர்லின் கேட்பார். முப்பது வருடமாக இதே இரண்டு வாக்கியம், சீட்டாட்டத்தின் நடுவே, இருவருக்கும் சலிக்கவில்லை. வெர்லினின் வண்டியைப் பற்றி ஊரில் முதலில் கண்டுபிடித்தவரும் ராய்ஸ்தான். "அவன் வண்டி கிழக்குல நின்னா அவன் கிழக்குல இல்ல. அது மட்டும்தான் நிச்சயம். மிச்சம் ஏழாயிரம் ஏக்கர் இருக்கு, போய்த் தேடிக்க."

அந்த ஏழாயிரம் ஏக்கரில் வெர்லினின் இடம் ஒரு வீட்டு மனை அளவுதான். சுற்றிலும் சம்பங்கோரையும் தண்ணீரும், நடுவே கொஞ்சம் மேடு, மேட்டில் ஓக் மரங்கள். 1975ல் அவரும் அண்ணன் லீலண்டும் அடிபட்ட ஒரு வாத்தைத் தேடிப் போய் அங்கே கரையேறினார்கள். வாத்து கிடைக்கவில்லை. தரை முழுக்க ஓக் கொட்டைகள், கொட்டைகளுக்கு நடுவே மான் புழுக்கை, ஒவ்வொரு இளமரத்திலும் கொம்பு உரசி உரிந்த பட்டை. லீலண்ட் ஒரு கொட்டையைப் பொறுக்கிக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "வெர்லின், நாம இங்க வரவே இல்ல" என்றார்.

அதுதான் ஒப்பந்தம். மனைவிமாருக்கும் சொல்வதில்லை. வேறு வேறு நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். மேட்டின் இரண்டு முனைகளில் இரண்டு ஓக் மரங்கள், ஆளுக்கு ஒன்று. மரத்தின் மேலே ஏறுவதெல்லாம் கிடையாது. வேரில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டால் முடிந்தது. லீலண்டுக்கு உதடு குவித்து ஒரு சிட்டுக்குருவிபோல் சத்தம் கொடுக்க வரும். ஒரு முறை கேட்டால் மான் வருகிறது. இரண்டு முறை கேட்டால் சாண்ட்விச் சாப்பிடலாம். ஈரல் சாஸேஜும் கடுகும் வைத்த ரொட்டி, மெழுகுக் காகிதத்தில். அந்தக் காகிதத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க லீலண்டைப்போல் ஒருவர் இந்த மாவட்டத்தில் பிறக்கவில்லை என்று வெர்லின் சொல்வார். அப்போதெல்லாம் ஃபெசன்ட் கோழிகள் காலடியிலிருந்து வெடித்துப் பறக்கும். நவம்பர் துப்பாக்கிப் பருவத்தில் வாசல்களில் கார் நிறுத்த இடம் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். மாவட்ட வரைபடம் என்றால் பெட்ரோல் பங்கில் தருகிற மடிப்புக் காகிதம், அதில் பெல்னாப் சதுப்பு ஒரு நீலக் கறை. கறைக்குள் என்ன இருக்கிறது என்று நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது எல்லோர் போனிலும் வானத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது. ஓக் மேடு அதிலும் தெரியும், ஒரு கரும்புள்ளியாக. ஆனால் புள்ளிக்குப் போகிற வழி படத்தில் தெரியாது. கால்வாய்க்குக் குறுக்கே, பீவர் என்கிற பெரிய நீரெலிகள் கட்டிய ஓர் அணை உண்டு. பார்த்தால் பாலம்போல் இருக்கும், யாரும் அதன் மேல்தான் கால் வைப்பார்கள். மேலே குச்சியும் சேறும்தான். உள்ளே பொந்து. கால் உள்ளே போய் முறியும். அணைக்கு இடது பக்கம், கருப்பாக ஆழம்போல் தெரிகிற தண்ணீரில் இறங்க வேண்டும். அங்கே கூழாங்கல் தரை, முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். தெரிந்தவர்களைத் தவிர யாருக்கும் அந்தத் தண்ணீரில் இறங்கத் தோன்றாது. பலர் அணை வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். அவர்களுடைய தடங்களைப் பார்த்து வெர்லினுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

லீலண்ட் மூன்று வருடத்துக்கு முன்பு இதய அறுவை சிகிச்சைக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் வெர்லின் தனியாகப் போய்த் தன் மரத்தடியில் உட்கார்ந்தார். மறுமுனை மரத்தடியில் சருகு விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து ஆர்டிஸிடம், "இந்த வருஷம் சத்தம் கம்மியா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சென்ற அக்டோபரில் ஒரு விபத்து. தண்ணீர் அன்றைக்குக் கொஞ்சம் உயர்ந்திருந்தது, பூட்ஸுக்குள் போய்விடும் என்று பார்த்தார். திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை, அணையின் மேல் கால் வைத்தார். வலது கணுக்கால் முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. போன் கிழக்கு வாசலில், வண்டிக்குள். அதை அவர் உள்ளே கொண்டுபோவதே இல்லை. "அது நம்ம எங்க போறோம்னு யாருக்கோ சொல்லிட்டே இருக்கும்."

சாயங்காலம் ஆனதும் ஆர்டிஸ் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். தன்னார்வப் பையன்கள், அக்கம்பக்கத்தார், எல்லோரும், ஏழாயிரம் ஏக்கரில் வேறெங்கே தொடங்குவது என்று தெரியாமல், பச்சை வண்டியைச் சுற்றி நின்று, அங்கிருந்து கிழக்குப் பக்கம் முழுவதையும் சீப்பால் வாருவதுபோல் வாரினார்கள். தண்ணீரைத் தாண்டி அவர்கள் குரல் வெர்லினுக்கு நன்றாகவே கேட்டது. ஒலிபெருக்கியில் ஆர்டிஸின் குரலும் வந்தது. "வெர்லின்! எங்க இருக்க?" அவர் பதில் சொல்லவில்லை. இங்கிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் நாளைக்கு ஊரே ஓக் மேட்டில் நிற்கும். முதலில் இங்கிருந்து நகர வேண்டும், பிறகு கத்தலாம் என்று முடிவு செய்து, முறிந்த காலை இழுத்துக்கொண்டு, கோரைக்குள் ஆற்றங்கரையைப் பார்த்துத் தவழத் தொடங்கினார். கரையை எட்டியபோது கத்துவதற்கு மூச்சு இல்லை.

அப்போது ஒரு மோட்டார் படகு மெதுவாக ஆற்றில் மேலே வந்தது. ராய்ஸ்.

"ஏன்யா, இங்க என்ன பண்றே?"

"சும்மா வாத்து பாக்க வந்தேன். கால் பெசகிடுச்சு. நீ?"

"பைக் மீனு பிடிக்கலாம்னு."

ராய்ஸ் அவரைத் தூக்கிப் படகுக்குள் கிடத்தினார். தட்டையான அந்தச் சின்னப் படகில் காலை நீட்டிப் படுக்கத் தாராளமாக இடம் இருந்தது. என்ன அதிர்ஷ்டம் என்று வெர்லின் குளிர்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் இரண்டு திருகாணி போட்டார்கள். குரல் கேட்டும் பேசாமல் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கோடையில் ஆர்டிஸ் பேச்சை எடுத்தார். பாத்திரம் துடைத்துக்கொண்டே, திரும்பாமல்.

"ஒருத்தர்கிட்டயாவது அந்த எடத்தக் காட்டிட்டு வா. இல்லேன்னா இந்த வருஷம் நீ போகல."

"உனக்குக் காட்டறேன்."

"எனக்கு எதுக்கு? இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் வந்து உன்னத் தூக்கப் போறேனா? தூக்கக்கூடிய ஆளுக்குக் காட்டு. ராய்ஸுக்குக் காட்டு."

"ராய்ஸுக்கா! அதுக்கு நான் பேப்பர்லயே போட்டுடலாமே."

"போடு. அன்னிக்கு அந்த வாசல்ல நின்னு நான் எப்படிக் கத்தினேன்னு உனக்குத் தெரியாது."

வெர்லினுக்குத் தெரியும். கொட்டகைக்குப் போய் வில்லின் நாணுக்கு மெழுகு தேய்த்தார். ஒரு வாரம் அதையே தேய்த்தார். காட்டினால் லீலண்டுக்குக் கொடுத்த வார்த்தை போகும். காட்டாவிட்டால் மேடே போகும். எழுபத்தொரு வயதில் ஒரு பருவத்தை விட்டவர்கள் அடுத்த பருவம் திரும்பி வருவதில்லை என்பதை அவர் மதுக்கடை மேஜையைச் சுற்றி நிறையப் பார்த்திருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை விடிகாலை ராய்ஸ் அவர் வீட்டு வாசலில் நின்றார், பாலித்தீன் பையில் மூன்று டோனட்டுடன்.

"வாசன வரும், அத வண்டியிலேயே வச்சிடு" என்றார் வெர்லின்.

"கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போவியா, இல்ல நானே கண்ண மூடிக்கட்டுமா?"

"வாய மூடிக்க. அது போதும்."

அன்றைக்கும் வண்டி கிழக்கு வாசலில்தான் நின்றது. விதி விதிதான். இருவரும் பள்ளத்தில் இறங்கி நடந்தார்கள். மூடுபனி கோரைத் தலைகளுக்கு மேல் கிடந்தது, கொக்குகள் எங்கோ தொண்டை கனைத்தன. வெர்லின் திருகாணி போட்ட காலைக் கொஞ்சம் வெளியே எறிந்து எறிந்து நடந்தார். வழியில் கால்வாய் முனையில் நின்று தூண்டிலைப் போட்டுப் பார்த்தார்கள். ராய்ஸ் முதல் வீச்சிலேயே முழங்கை நீளப் பைக் மீன் ஒன்றை இழுத்தார். வெர்லினுக்கு ஒன்றும் கடிக்கவில்லை.

"என்னோட எடத்துல எம் மீன பிடிக்கறே" என்றார் வெர்லின்.

"அதுகிட்டயே கேளு, யாரோட மீன்னு" என்று ராய்ஸ் அதைத் தண்ணீருக்குள் விட்டார்.

அணை வந்தது. வெர்லின் நின்றார். காலைச் சரிபார்த்துக்கொள்கிற சாக்கில் குனிந்து, அந்த ஒரு வாக்கியத்தைத் தொண்டைக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்: மேலே ஏறாதே, இடது பக்கம் தண்ணீரில் இறங்கு. நாற்பத்தொன்பது வருடத்தில் சத்தமாகச் சொல்லாத வாக்கியம். அவர் நிமிர்ந்தபோது ராய்ஸ் ஏற்கெனவே இறங்கியிருந்தார். அணையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது பக்கம், கருப்புத் தண்ணீரில், வீட்டுப் படியில் இறங்குகிறவர்போல. பாதி வழி போன பிறகுதான் ராய்ஸுக்குத் தான் செய்தது உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கீழே சுழன்று போய்க்கொண்டிருந்தது.

"ராய்ஸ்" என்றார் வெர்லின்.

"ம்."

"அங்க கல்லுத்தரை இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

ராய்ஸ் திரும்பவில்லை. "சும்மா... ஒரு குத்துமதிப்பா..."

"நீ வாழ்க்கையில குத்துமதிப்பா எறங்கின ஒரே எடம் காஞ்சொறிப் புதருடா. யார் சொன்னா?"

"உங்க அண்ணன்."

ஒரு நீர்க்கோழி கோரைக்குள் ஓடியது. ராய்ஸ் தண்ணீரில் நின்றபடியே சொன்னார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒரு நாள் லீலண்ட் அவர் வீட்டுக்கு வந்து, வண்டியில் ஏறு என்றார். இங்கே கூட்டி வந்து, மேடு வரை நடத்திக் காட்டினார்.

"'நான் போயிட்டா அவன் தனியாத்தான் வருவான். எங்கயாவது விழுந்து கெடந்தா, எடம் தெரிஞ்சிடும்னு கூப்பிடக்கூட மாட்டான். நீ தெரிஞ்சு வச்சுக்க. ஆனா தெரியும்னு அவன்கிட்ட காட்டிக்காதே'ன்னாரு. நானும் காட்டிக்கல. இன்னிக்குக் காலு தானா போயிடுச்சுய்யா."

"சத்தியம் பண்ணினான். எங்கிட்ட சத்தியம் பண்ணினான் அவன்."

"பண்ணினாருதான். அதையும் சொன்னாரு."

வெர்லின் கோரையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் பூட்ஸைச் சுற்றி இறுக்கியது. ராய்ஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்று, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"அன்னிக்கு மீன் பிடிக்கத்தான் வந்தேன்னியே."

"படகுல தூண்டில் ஏதாவது பாத்தியா நீ?"

வெர்லின் யோசித்தார். காலை நீட்டிப் படுக்கத் தாராளமாக இடம் இருந்தது.

"எல்லாரும் ஒன் வண்டியச் சுத்தி நின்னாங்க. நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும், ஆனா அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? நான் ஆத்துப் பக்கம் பாக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"இந்த மூணு வருஷத்துல நீ இங்க அம்பு விட்டிருக்கியா?"

"உதைப்பேன். ஒருத்தர் காட்டின எடத்துல அவங்க கூப்பிடாம வில்ல எடுத்துட்டு வர எனக்கென்ன கிறுக்கா?"

அது அந்த ஊரின் சட்டம். யாரும் எழுதி வைத்ததில்லை. கண்டுபிடித்த இடம் கண்டுபிடித்தவனுக்கு, காட்டப்பட்ட இடம் காட்டினவனுக்கு. அதை மீறினவர்கள் உண்டு, அவர்களோடு யாரும் சீட்டாடுவதில்லை.

மேட்டில் ஏறினார்கள். வெள்ளை ஓக்குகளில் இந்த வருடம் காய் நல்ல காய்ப்பு. இன்னும் பச்சை, கொத்துக் கொத்தாக. ஓர் இளமரத்தில் போன வருடத்து உரசல் கருத்துப்போயிருந்தது. சேற்று விளிம்பில் புதிய குளம்புத் தடம், அகலமானது, நுனி விரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் குனிந்தார்கள், தலையும் தலையும் முட்டிக்கொள்ளப் பார்த்தது.

"பெரிசு" என்றார் ராய்ஸ் கிசுகிசுப்பாக.

"நான் கூப்பிட மாட்டேன்னா சொன்னான்?" என்றார் வெர்லின்.

"யாரு? ஓ... ஆமா. அப்படித்தான் சொன்னாரு. 'செத்தாலும் கூப்பிட மாட்டான்'னாரு."

வெர்லின் குளம்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கேட்டுச்சு ராய்ஸ். அன்னிக்கு அவ கூப்பிட்டது. எல்லாரும் கூப்பிட்டது."

"தெரியும். அணைப் பக்கத்துலேர்ந்து தவழ்ந்து வந்த தடத்த நான் பாத்தேனே."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"நான் எதுக்குய்யா சொல்லப் போறேன்? எனக்கு வெள்ளிக்கிழமை வறுவல்ல ஒரு துண்டு மீன் கூடுதலா வப்பா உன் பொண்டாட்டி. அதக் கெடுத்துக்கவா?"

வெர்லின் சிரிக்க நினைத்தார், சத்தம் வேறு மாதிரி வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நானே சொல்லிடறேன்" என்றார்.

பிறகு வழக்கமான வேலையைத் தொடங்கினார். தன் மரத்தடிக்குப் போய், வேருக்கு முன்னால் ஆள் உட்கார்ந்து கால் நகர்த்துகிற அளவுக்கு இடத்தை பூட்ஸால் தள்ளிச் சுத்தம் செய்தார். அக்டோபரில் ஒரு சருகு நொறுங்கினால் போதும், மான் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் பருவத்துக்கு முன்பே மண்ணை வெறுமையாக்கி வைத்துவிட வேண்டும். ராய்ஸ் மரியாதையாகத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், வேறொருவர் வீட்டு வரவேற்பறையில் நிற்பவர்போல.

"சரி, பாத்தாச்சு. போலாமா? எனக்கு டோனட் ஞாபகமாவே இருக்கு" என்றார்.

வெர்லின் நொண்டி நொண்டி மேட்டின் மறுமுனைக்குப் போனார். லீலண்டின் மரத்தடியில் மூன்று இலையுதிர் காலத்துச் சருகு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கீழே மக்கி, மேலே மொடமொடவென்று கிடந்தது. பூட்ஸால் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் மடித்து, திருகாணிக் காலை மெல்ல நீட்டி, மண்டியிட்டார். இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி ஒதுக்கினார். கீழே ஈரமான கறுப்பு மண் தெரிந்தது. முதுகு சாய்கிற வேரைத் தொட்டுத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேலிருந்த பாசியையும் உள்ளங்கையால் தேய்த்து எடுத்தார். பிறகு ராய்ஸின் பூட்ஸ் அளவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சாண் அகலமாக ஒதுக்கினார்.

வில் பருவம் செப்டம்பர் பதினான்காம் தேதி, சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பு தொடங்குகிறது.